பயமும் பரிகாரமும்

சமீப காலமாக "டோபமைன்" என்கின்ற ஒரு வார்த்தை பட்டணத்துப் படித்தவர்கள் வாயில் மாத்திரமல்லாமல், கிராமத்து வாலிபர்கள் வாயிலும் அடிபட்டு வருகின்றது. கைபேசியைத் திறந்தால், "உமது உடம்பில் டோபமைன் குறைந்து போய்விட்டது, அதனால்தான் உமக்குச் சந்தோஷமில்லை" என்கின்றார் ஒருவர். "இல்லை, டோபமைன் மிஞ்சிப் போய்விட்டது; ஆகையால் விரதமிரும்" என்கின்றார் மற்றொருவர். முடிவில் இருவரும் ஏதோ ஒரு சூரணத்தையோ, பயிற்சி வகுப்பையோ நம் தலையில் கட்டப் பார்க்கின்றார்கள். கிரகம் உச்சத்தில் இருந்தாலும் பரிகாரம், நீசத்தில் இருந்தாலும் பரிகாரம் என்று சொல்லுகின்ற சோதிடருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

ஆனால் இந்த வார்த்தையை நாம் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஏனெனில், அதற்குப் பின்னால் இருக்கும் உண்மை, இத்தனை காலமாய்ப் பேய் என்றும், சாமி என்றும், செய்வினை என்றும், தலைவிதி என்றும் சொல்லி நம் மக்களின் மடியை அவிழ்த்தவர்களுடைய குட்டை உடைக்கக்கூடியதாய் இருக்கின்றது. ஆதலால் அது இன்னதென்று நாமே தெரிந்து கொள்ளுவது நல்லது.

டோபமைன் என்பது என்ன?

டோபமைன் என்பது ஆகாயத்திலிருந்து இறங்கிய அமிர்தமல்ல. பருப்பிலும், பாலிலும், மீனிலும் இருக்கின்ற டைரோசின் என்னும் சத்திலிருந்து நமது உடம்பே செய்து கொள்ளுகின்ற ஒரு இரசாயனப் பொருள். 1910-ம் வருஷத்தில் லண்டனிலுள்ள ஒரு பரிசோதனைச் சாலையில் பார்ஜர், ஈவென்ஸ் என்னும் இரு இரசாயன அறிஞர்கள் இதை முதன்முதலில் கையால் தயாரித்தார்கள். அதற்குப் பிறகு சுமார் ஐம்பது வருஷ காலம் இதற்கென்று தனியான வேலை ஒன்றும் கிடையாது என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். 1957-ம் வருஷ வாக்கில்தான் மூளைக்குள் இது இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. மூளையின் ஒரு நரம்பு மற்றொரு நரம்புக்குச் சேதி சொல்லுகின்ற தூதன் இது என்பதை ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சன் நிரூபித்தார். அதற்காக 2000-ம் வருஷத்தில் அவருக்கு நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

இங்கே வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மூளையிலிருக்கும் டோபமைன் வேறு சங்கதி, இரத்தத்திலிருக்கும் டோபமைன் வேறு சங்கதி. மூளைக்கும் இரத்தத்திற்கும் நடுவில் ஒரு மதில் இருக்கின்றது. கண்டதை உள்ளே விடாத காவல் அது. இரத்தத்தில் எவ்வளவு டோபமைன் ஓடினாலும் அது அந்த மதிலைத் தாண்டி மூளைக்குள் போகாது. இரத்தக் கொதிப்பு மிகவும் இறங்கிப்போய் உயிருக்கு ஆபத்தான நிலையிலுள்ள நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் டோபமைனையே மருந்தாக இரத்தக் குழாயில் ஏற்றுவதுண்டு. அதனால் இருதயம் பலமாய் அடிக்கும்; இரத்தக் கொதிப்பு ஏறும். ஆனால் அந்த நோயாளி பேரின்பத்தில் மூழ்கிப் பாட்டுப் பாட ஆரம்பிப்பதில்லை. நடுக்குவாத நோய்க்காரருக்கு மூளையில் டோபமைன் குறைவதால் கை கால் நடுங்குகின்றது. அவருக்கும் டோபமைனைக் கொடுத்துப் பயனில்லை என்பதால்தான், மதிலைத் தாண்டக்கூடிய லெவோடோபா என்னும் மருந்தை 1961-ம் வருஷத்தில் வியன்னா நகரத்து வைத்தியர்கள் கொடுத்துப் பார்த்து வெற்றி கண்டார்கள்.

அன்றியும், இரத்தத்தில் இருக்கும் டோபமைனில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் கந்தகச் சேர்மானத்தோடு கட்டுண்டு செயலற்றுக் கிடப்பதாகும். அதில் பெரும்பகுதி குடலிலிருந்தும், நாம் தின்னும் ஆகாரத்திலிருந்தும் வருவது. வாழைப்பழத்தில்கூட டோபமைன் இருக்கின்றது. கட்டுப்படாத மிச்சமோ சில நிமிஷங்களுக்குள் மறைந்துவிடும். அப்படியிருக்க, "உமது இரத்தத்தில் டோபமைனை ஏற்றிச் சந்தோஷத்தை உண்டாக்குகின்றேன்" என்று ஒருவன் டப்பா விற்பானேயானால், அவன் "கங்கையில் முழுகினால் பாவம் போகும்" என்பவனுக்குச் சொந்தக்காரன் என்றே நாம் சொல்லுவோம்.

பயம் வந்தால் உடம்பு செய்வது

நிற்க, இரத்தத்தில் டோபமைனுக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நமது சிறுநீரகங்களின் மேல் குல்லாய் வைத்தாற்போல் அட்ரினல் என்னும் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அங்கே டோபமைனிலிருந்து நார்அட்ரினலினும், நார்அட்ரினலினிலிருந்து அட்ரினலினும் உண்டாகின்றன. பஞ்சு நூலாகி, நூல் துணியாவது போல என்று வைத்துக்கொள்ளலாம். இரவில் வரப்பில் போகின்றவன் காலடியில் ஏதோ நெளிகின்றது. அது பாம்பா, கயிறா என்று அவன் பார்ப்பதற்கு முன்னமேயே அட்ரினலின் இரத்தத்தில் கொட்டப்பட்டுவிடுகின்றது. இருதயம் படபடக்கின்றது, மூச்சு வாங்குகின்றது, கண் அகலத் திறக்கின்றது, மயிர் சிலிர்க்கின்றது, உள்ளங்கை வேர்க்கின்றது, வயிற்றின் வேலை நின்று, இரத்தம் கை கால்களுக்குப் பாய்கின்றது. ஓட வேண்டும், இல்லாவிட்டால் அடிக்க வேண்டும் என்பதற்கு உடம்பு செய்து கொள்ளும் தயாரிப்பு இது. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையிலிருந்த வால்ட்டர் கேனன் என்பவர், கலவரமடைந்த பூனையின் வயிற்றசைவு நின்றுபோவதை எக்ஸ்ரே மூலம் கண்டு ஆராய்ந்து, 1915-ம் வருஷத்தில் இதையெல்லாம் ஒரு புஸ்தகமாய் எழுதினார்.

பயம் நீடித்தால் அதே சுரப்பியின் வெளிப்பாகத்திலிருந்து கார்ட்டிசால் என்னும் மற்றொரு பொருள் வருகின்றது. ஒரு மணி நேரத்துக்கு வந்தால் அது உபகாரம். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் தூக்கம் கெடும், இரத்தக் கொதிப்பு ஏறும், சர்க்கரை ஏறும், நோய் எதிர்க்கும் சக்தி குன்றும். மூளையின் முன்பாகத்தில்தான் யோசனை செய்கின்ற வேலை நடக்கின்றது. அங்கே டோபமைனும் நார்அட்ரினலினும் அளவோடிருந்தால் புத்தி தெளிவாயிருக்கும். கடும் பயத்தினால் அவை அளவுக்கு மிஞ்சினால் யோசனை மழுங்கும். ஆகவே, பயந்தவன் புத்தி வேலை செய்யாது என்று நம் பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல; உடம்பின் கணக்கு. பகுத்தறிவுக்கு முதல் விரோதி பயம் என்று நாம் ஓயாமல் சொல்லி வருவதற்கு இப்போது இரத்தமே சாட்சி சொல்லுகின்றது.

பேயும் சாமியும்

இனி நமது கிராமங்களில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்குத் திடீரென்று முகம் வெளுத்து, நெஞ்சு படபடத்து, தலைவலி கண்டு, வேர்த்துக் கொட்டி, "சாகப்போகிறேன்" என்று அலறுகின்ற நிலை வருகின்றது. சிறிது நேரத்தில் தானே நின்றுவிடுகின்றது. நாலு நாள் கழித்து மறுபடியும் வருகின்றது. என்ன செய்கின்றார்கள்? புளியமரத்துப் பேய் என்று உடுக்கடிப்பவனைக் கூப்பிடுகின்றார்கள். வேப்பிலையால் அடிக்கின்றார்கள். மிளகாய்ப் புகை போடுகின்றார்கள்.

மேலே சொன்ன குறிகள் அவ்வளவும் அட்ரினல் சுரப்பியில் உண்டாகின்ற பியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டிக்கும் உண்டு. அந்தக் கட்டி நினைத்தபோதெல்லாம் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் இரத்தத்தில் கொட்டும். சிலபோது டோபமைனையும் கொட்டும். 1886-ம் வருஷத்தில் ஜெர்மனியில் பிரைபர்க் என்னும் ஊரில் இப்படிப்பட்ட வேதனையோடு இறந்துபோன 18 வயதுப் பெண் ஒருத்தியின் உடம்பை அறுத்துப் பார்த்தபோது, இரண்டு அட்ரினல்களிலும் கட்டி இருந்தது தெரிந்தது. வைத்தியர்கள் அதைப் பேய் என்று எழுதவில்லை. கட்டி என்று எழுதினார்கள். அப்படி எழுதியதனால்தான் 1926-ம் வருஷத்தில் அந்தக் கட்டியை அறுத்தெடுத்து ஆளைப் பிழைக்க வைக்க முடிந்தது. இன்றைக்கு இரத்தத்தையோ சிறுநீரையோ சோதித்தே அதைக் கண்டுவிடலாம். பேய் என்று எழுதியிருந்தால் இன்னமும் வேப்பிலையோடுதான் நின்றிருப்பார்கள். இந்தக் கட்டி அபூர்வமானதுதான். பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகின்ற எல்லோருக்கும் இதுதான் என்று நாம் சொல்ல வரவில்லை. பலருக்கு மனக்கலக்கமாய் இருக்கலாம், வலிப்பாய் இருக்கலாம், மாமியார் வீட்டுக் கொடுமையை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஊமைக் கோபமாயும் இருக்கலாம். எதுவாயினும் கேட்க வேண்டியது வைத்தியரை, உடுக்கையை அல்ல.

திருவிழாக் கூட்டத்தில் ஒருவனுக்குச் "சாமி வந்தது" என்றால் பக்கத்திலிருப்பவனுக்கும் உடம்பு நடுங்குவதேன் என்று கேட்பார்கள். ஸ்பெயின் தேசத்தில் சான் பெத்ரோ மன்ரிகே என்னும் கிராமத்தில் வருஷந்தோறும் தீ மிதிக்கின்றார்கள். அங்கே மிதிப்பவர்களுடைய இருதயத் துடிப்பையும், வேடிக்கை பார்ப்பவர்களுடைய துடிப்பையும் கருவி கட்டி அளந்தார்கள். மிதித்தவருடைய துடிப்பு ஏறி இறங்கிய விதமாகவே அவருடைய உறவினர், சினேகிதர்களுடைய துடிப்பும் ஏறி இறங்கிற்று. அன்னியர்களுக்கு அப்படி இல்லை என்று 2011-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அம்மன் வந்து உட்கார்ந்தது எல்லோருக்குமானால், அன்னியன்மேல் மட்டும் ஏன் உட்காரவில்லை? சொந்தபந்தம் பார்த்து வருகின்ற சாமிக்கு மனிதனுடைய பாசம் என்று பெயர் வைப்பதே பொருத்தமல்லவா?

"திருநீறு பூசினால் குணமாகின்றதே!"

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு நண்பர் எழுந்து, "ஐயா, எனக்கு மந்திரித்துத் திருநீறு பூசியவுடன் வலி குறைந்தது, இதை நான் அனுபவத்தில் கண்டேன், இதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் பொய் சொல்லுகின்றார் என்று நாம் சொல்ல மாட்டோம்.

கனடா தேசத்தில் நடுக்குவாதக்காரர்கள் சிலருக்கு மருந்தென்று நம்பும்படியாக வெறும் உப்புநீரை ஊசியில் ஏற்றி, அவர்கள் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். மருந்து வருகின்றது என்கிற எதிர்பார்ப்பினாலேயே அவர்களுடைய மூளையில் டோபமைன் சுரந்தது என்று 2001-ம் வருஷத்தில் கண்டார்கள். ஆகவே நம்பிக்கை ஒரு வேலை செய்கின்றது என்பது மெய். ஆனால் அந்த வேலையைச் செய்தது யார்? உப்புநீரா? ஊசியா? நோயாளியின் சொந்த மூளையல்லவா? அப்படியே திருநீறு பூசிக்கொண்டவருடைய வலியைக் குறைத்ததும் அவருடைய உடம்பேயல்லாமல் பூசாரியின் விரல் அல்ல. உமது வீட்டுக் கிணற்றில் உமது கையால் நீர் இறைத்து உமக்கே கொடுத்துவிட்டுக் கூலி கேட்பவனை நீர் என்னவென்று சொல்லுவீர்?

அன்றியும் அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை இருக்கின்றது. வலியைச் சிறிது தணிக்கும். நடுக்கத்தைச் சிறிது நேரம் குறைக்கும். அடைபட்ட இருதயக் குழாயைத் திறக்காது. காசநோய்க் கிருமியைக் கொல்லாது. நாயின் விஷத்தை முறிக்காது. வலி குறைந்த சந்தோஷத்தில் வைத்தியரிடம் போகாமல் இருந்து செத்தவர்கள் வந்து சாட்சி சொல்லுவதில்லை. பிழைத்தவர் மட்டுமே சாட்சி சொல்லுகின்றார். எல்லா க்ஷேத்திர மகிமைகளும் இந்த ஒரு தந்திரத்தின் மேல்தான் நிற்கின்றன.

"உங்கள் வைத்திய சாஸ்திரமும் ஒரு நம்பிக்கைதானே!" என்றும் சிலர் கேட்பதுண்டு. அதற்கும் டோபமைனே பதில் சொல்லுகின்றது. நெருக்கடியிலுள்ள நோயாளிக்குச் சிறு அளவில் டோபமைன் ஏற்றினால் சிறுநீரகம் காப்பாற்றப்படும் என்று வைத்தியர்கள் அனேக வருஷங்கள் நம்பி, அப்படியே ஏற்றியும் வந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 328 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டோபமைனும் மற்றதற்கு வெறும் நீரும் கொடுத்துப் பார்த்து, அதனால் சிறுநீரகத்துக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை என்று 2000-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அதன் பின் அந்த வழக்கத்திற்கு ஆதரவு போய்விட்டது. தங்கள் மருந்தைத் தாங்களே பரீட்சை செய்து, தோற்றால் தோற்றதென்று ஊரறிய எழுதியவர்கள் இவர்கள். யாகம் செய்தால் மழை வருமா என்று இரண்டு ஜில்லாக்களை எடுத்து, ஒன்றில் யாகம் செய்தும் மற்றொன்றில் செய்யாமலும் எந்தப் புரோகிதராவது பரீட்சை செய்து காட்டியிருக்கின்றாரா?

பயத்தை விற்பவர்கள்

"போகட்டும், நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டுமே; யாருக்கு என்ன நஷ்டம்?" என்று தாட்சண்யவாதிகள் சொல்லுவார்கள். நஷ்டம் இருக்கின்றது. நம்பிக்கை வலியைக் குறைக்குமானால், பயம் உயிரைக் குறைக்கும். மேலே சொன்ன கேனன் 1942-ம் வருஷத்தில், மந்திரவாதி சபித்துவிட்டான் என்ற பயத்தினாலேயே மாண்டுபோனதாக ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா முதலிய இடங்களிலிருந்து வந்த செய்திகளைத் திரட்டி, ஓயாத பயத்தில் உடம்பு தன்னைத் தானே அழித்துக்கொள்ளக் கூடும் என்று எழுதினார். 1990-ம் வருஷத்தில் ஜப்பான் தேசத்து வைத்தியர்கள், திடீர்த் துக்கத்தாலோ பயத்தாலோ இருதயத்தின் கீழ்பாகம் பலூன் போல் உப்பிச் செயலற்றுப் போகும் ஒரு நோயை எழுதினார்கள். அந்தச் சமயத்தில் இரத்தத்தில் அட்ரினலினும் அதன் இனத்துப் பொருள்களும் மிக அதிகமாய் இருப்பது பின்னால் அளந்து காணப்பட்டது. பெரும்பாலோர் வைத்தியத்தால் சில வாரங்களில் குணமடைகின்றார்கள். சிலர் மாண்டும் போகின்றார்கள். ஆகவே, "உனக்குச் செய்வினை வைத்திருக்கின்றது, தொண்ணூறு நாளில் கண்டம்" என்று ஒருவன் சொல்லுவது வெறும் வாய்ப்பேச்சல்ல. கேட்பவனுடைய இரத்தத்தில் விஷத்தைக் கலக்கும் செய்கையாகும். அந்தப் பயத்தை உண்டாக்கியவனே மறுவாரம் அதற்குப் பரிகாரமும் விற்கின்றான். வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுத் தண்ணீருக்கு விலை பேசுகின்றவனுக்கு என்ன பெயரோ, அதுவே இவனுக்கும் பெயர்.

இது மாத்திரமல்ல. இங்கிலாந்தில் 1967-ம் வருஷத்தில் ஆரம்பித்துச் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சுமார் 18,000 பேரை வருஷக்கணக்கில் கவனித்து வந்தார்கள். மேல்படியிலிருந்த அதிகாரிகளைவிடக் கீழ்ப்படியிலிருந்த சேவகர்கள் இருதய நோயால் மூன்று மடங்குக்கு மேல் மாண்டார்கள். புகைப் பழக்கத்தையும் இரத்தக் கொதிப்பையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் முழுவதும் தீரவில்லை. வயிற்றுக்குச் சோறும், மாதச் சம்பளமும் உள்ள மனிதர்களிடையிலேயே மேல், கீழ் என்கிற படி இப்படி உயிரைக் குடிக்குமானால், பிறந்தது முதல் "எட்டி நில்" என்று சொல்லக் கேட்டும், தெருவில் செருப்போடு நடக்கப் பயந்தும், டீக்கடையில் தனி டம்ளரைக் கண்டு தலைகுனிந்தும் வாழும்படி செய்யப்பட்டவனுடைய இரத்தத்தில் தினமும் என்ன ஓடிக்கொண்டிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஜாதி என்பது மனதிலிருக்கும் எண்ணம் மாத்திரமல்ல; அது கீழே தள்ளப்பட்டவனுடைய நெஞ்சுக்குள் புகுந்து அடிக்கின்ற அடி. அந்த அடியை அவன் பூர்வ ஜன்ம கர்மம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமாம்! அதற்கும் தட்சணை கொடுக்க வேண்டுமாம்!

ஏர்வாடியில் மாண்ட 28 பேர்

வெறும் வாதம் என்று நினைப்பவர்களுக்கு நமது தமிழ்நாட்டிலேயே நடந்த ஒன்றை ஞாபகப்படுத்துகின்றோம். காதில் இல்லாத குரல் கேட்பதும், யாரோ கொல்ல வருவதாகத் தோன்றுவதும் மூளைக் கோளாறு. அதில் டோபமைனுக்குச் சம்பந்தமிருக்கின்றது. அதைத் தணிக்கும் மருந்து 1952-ம் வருஷத்திலேயே பாரிஸ் நகரத்தில் உபயோகத்துக்கு வந்துவிட்டது. மூளையில் டோபமைனின் சேதியைத் தடுப்பதால் அம்மருந்து வேலை செய்கின்றது என்பதும் பின்னர் தெரிந்தது. அந்த மருந்து வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆன பிறகு, 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவின் அருளால் சித்தம் தெளியும் என்று கொண்டுவந்து விடப்பட்டு, கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டார்கள். ஓட முடியவில்லை, சங்கிலி! பயம் வந்தால் ஓடு என்று உடம்பு சொல்லுகின்றது. ஓடாதே என்று மதம் கட்டிப் போட்டிருந்தது. கோயிலானாலும் சரி, தர்காவானாலும் சரி, ஜெபக்கூட்டமானாலும் சரி, மருந்துக்குப் போக வேண்டியவனைச் சங்கிலிக்கு அனுப்புவது எதுவோ அதை நாம் கண்டித்தே தீருவோம். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டம் திட்டமாய்ச் சொல்லுகின்றது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? ஊரிலும் இருக்க வேண்டாமா?

புதிய தலைவிதி வேண்டாம்

கடைசியாக, நமது இயக்க வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-ம் வருஷ வாக்கில் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பக்கத்தில் பிரபலமாகி இங்கேயும் வந்திருக்கும் "டோபமைன் விரதம்" என்பதைச் சிலர் ஏகாதசி விரதம் போல் அனுஷ்டிக்கின்றார்கள். கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் புஸ்தகம் படிப்பது நல்ல காரியம். அதற்கு விரதம் என்று பெயர் எதற்கு? டோபமைன் வடிந்து போகின்ற குளமுமல்ல, பட்டினி போட்டால் சுத்தமாகின்ற பாவமுமல்ல. அது இல்லாவிட்டால் கை கால் அசைக்கவே முடியாது. "எல்லாம் என் டோபமைன் செய்கின்ற வேலை, நான் என்ன செய்வேன்?" என்று சொல்லுகின்றவன், "எல்லாம் என் தலையெழுத்து" என்று சொன்ன பாட்டனுக்கு ஏற்ற பேரனே ஆவான். விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்னதனால் மூடநம்பிக்கை அறிவாகிவிடாது.

ஆகவே தோழர்களே! நெஞ்சு படபடத்தால் நாடிப் பார்க்க வைத்தியரிடம் போங்கள். ஆடுகின்ற பெண்ணை அடிக்க ஓங்கும் வேப்பிலையைப் பிடுங்கி எறியுங்கள். அவள் என்ன சொல்ல நினைக்கின்றாள் என்று உட்கார்ந்து கேளுங்கள். குழந்தைகளிடம் பூச்சாண்டி சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். நாளும் கோளும் பார்த்துச் சொல்லுகின்றவனைக் கண்டால், "என் பயம் என் உடம்பில் இருக்கின்றது, அதன் சாவி உன் பையில் இல்லை" என்று தைரியமாய்ச் சொல்லுங்கள். மனிதனுக்கு மனிதன் தலைகுனிய வேண்டியதில்லாத சமுதாயம் உண்டாகும் வரை நம் மக்களின் இரத்தம் அமைதியாய் ஓடாது. அந்தச் சமுதாயத்தை உண்டாக்குவதே உண்மையான பரிகாரம் என்பது நமது அபிப்பிராயம்.